எந்தக் கேரியரை இறக்கினாய்?

எனக்குக் கோபம் வரும். வந்தால் வாய் நிற்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு என் வீட்டு ஆட்கள் மூன்று பேரும் என் போனை எடுக்காமல் விட்டதற்கு அதுதான் காரணம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கொட்டகை போட்டு, கல்யாணப் படப்பிடிப்புகளுக்குச் சாமான் செய்து கொடுக்கிறேன். தெர்மாகோலில் யானை, அட்டையில் ரயில் பெட்டி, பிளைவுட்டில் அரண்மனை வாசல் என்று எதைக் கேட்டாலும் செய்வேன். சினிமாவில் பார்த்ததை அப்படியே கேட்பார்கள். ஊராருக்குச் செய்துகொண்டிருந்தவளிடம் என் தம்பியே வந்து கேட்டான். ஆவணியில் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சின்ன வயதிலிருந்து அவன் திரும்பத் திரும்பப் பார்த்த படம் ஒன்று உண்டு. அதில் ஒரு குண்டு வெள்ளைக் கார் வரும். கூரை மேல் இரும்புக் கேரியர், அதில் தகரப் பெட்டி, படுக்கைச் சுருட்டு, ஸ்டெப்னி டயர், எல்லாவற்றையும் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருக்கும். அந்தக் காரில் சாய்ந்துகொண்டு பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்க வேண்டும். "ஒரு போட்டோக்கா, ஒரே ஒரு போட்டோ" என்று என் பின்னாலேயே சுற்றினான்.

அந்த மாதிரிக் கார் எங்கள் சொந்தத்தில் ஒருவரிடம்தான் இருந்தது. என் வீட்டுக்காரருடைய அக்காவின் கணவர், சிதம்பரத்து அண்ணன். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கண்டால் எங்கள் சொந்தத்தில் பெரியவர்களே வேட்டியைச் சரிசெய்துகொள்வார்கள். அந்தக் காரைத் தினமும் காலையில் பழைய வேட்டித் துணியால் அவரே துடைப்பார், மனைவியைக்கூடத் தொட விடமாட்டார். ஆயுத பூஜைக்கு ஊரே வண்டிக்குச் சந்தனம் அப்பும். அவர் மட்டும் ஒரு காகிதத்தில் சந்தனப் பொட்டு வைத்து அதைக் கண்ணாடியில் ஒட்டுவார். பெயிண்ட் மேல் சந்தனம் பட்டால் கறை நிற்குமாம். "சாமிக்கே பேப்பர் போட்டவரு, நமக்கா கார் குடுப்பாரு" என்று என் வீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார்.

நாத்தனார் என்ன பேசினாரோ தெரியாது, ஒரு நாள் அவரே கூப்பிட்டார். அவரிடம் இருப்பது பட்டன் போன், கூப்பிடுவதும் அபூர்வம். "ரெண்டு விஷயம்மா. என் வண்டியில ஒரு ஓட்டை போடக்கூடாது. அந்த மூட்டையோட ரோட்டுல ஓட்டக்கூடாது. எடத்துல வச்சி மாட்டு, படம் எடு, எறக்கு, வண்டிய கொண்டாந்து விடு." நான் எழுந்து நின்றுகொண்டே "சரிங்கண்ணே" என்றேன்.

ஓட்டை போடாமல் ஒரு கேரியரைக் கார் மேல் நிறுத்துவது லேசான வேலை இல்லை. முதலில் பிளாஸ்டிக் குழாயில் செய்து வெள்ளி பெயிண்ட் அடித்தேன். தகரப் பெட்டியை ஏற்றியதும் பழைய கட்டில் மாதிரி தொய்ந்தது. பிறகு இரும்புக் குழாயிலேயே சட்டம் வெல்டிங் வைத்து வாங்கினேன். அந்தக் காலத்துக் கார்களின் கூரை ஓரத்தில் மழைத் தண்ணீர் வடிய ஒரு மடிப்பு இருக்கும். அந்த மடிப்பைப் பிடித்துக்கொள்ளுமாறு பட்டை இரும்பை வளைத்து நாலு மூலைக்கு நாலு கொக்கி செய்தேன். கொக்கியின் மேல் முனை சட்டத்தின் காலுக்குள் நுழைந்து வெளியே வரும், அங்கே கையாலேயே திருகக்கூடிய காது வைத்த நட்டு. பெயிண்டில் கீறல் விழக்கூடாது என்று கொக்கிக்கு உள்ளே சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். நட்டை இறுக்கினால் உடும்புப் பிடி. என் வீட்டுக்காரர் அதைப் பிடித்துத் தொங்கியே பார்த்தார், அசையவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை.

ஆடி மாதத்தில் படம் எடுத்தோம். விசேஷம் இல்லாத மாதம் என்பதால் போட்டோக்காரருக்கும் வேலை இல்லை. காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரை ஓரமாகக் காரை நிறுத்தி, அங்கேயே கேரியரை மாட்டிச் சாமானை ஏற்றிக் கட்டினேன். கயிறு சாமானைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியதுதான், காரோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது. காரையும் சட்டத்தையும் சேர்த்து வைத்திருந்தது அந்த நாலு நட்டு மட்டும். படம் அருமையாக வந்தது. பெண் வீட்டார் மதியத்துக்குள் கிளம்பிவிட்டார்கள்.

சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. என் மகள் சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அன்றைக்குத் தம்பி காரைச் சிதம்பரத்தில் விடுவது, என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் மகளை விடுதியில் இறக்கிவிடுவது, திரும்பும்போது இருவரும் ஸ்கூட்டரில் வருவது என்று ஏற்பாடு. மகள் திடீரென்று, "அம்மா, கேரியரோட ஓடற மாதிரி ஒரு ஷாட் எடுத்துக்கிறேன்மா, நானும் அப்பாவும் பின்னாலயே வண்டியில வர்றோம்" என்றாள்.

நான் பிடித்துக்கொண்டேன். "அறிவு இருக்கா ஒனக்கு? அண்ணன் என்னா சொன்னாரு? ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், இது எம்மாத்திரம்?" தம்பி நடுவில், "மெதுவா ஓட்டறேங்கா" என்று இழுத்தான். அவனுக்கும் விழுந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர் வாயைத் திறக்கவில்லை என்றால் அந்தப் பக்கம் என்று அர்த்தம்.

காலையில் சட்டத்தைக் கொண்டுவந்த சரக்கு வண்டி போய்விட்டதால் கேரியரோடேயே வீட்டுக்கு வந்தோம். கடற்கரையிலிருந்து வீடு பக்கம்தான், ஊர்ந்துதான் வந்தோம். வாசலில் நானே ஸ்டூல் போட்டு ஏறி நாலு நட்டையும் கழற்றி சேலை மேல் போட்டிருந்த வேலைச் சட்டைப் பையில் போட்டேன். கொக்கிகள் கீழே விழவில்லை, டியூப் ரப்பர் மடிப்பைக் கவ்விக்கொண்டு அப்படியே நின்றன. பார்க்கிறவர்களுக்கு மாட்டியிருப்பது போலத்தான் தெரியும். சட்டத்தைத் தூக்க ரெண்டு ஆள் வேண்டும், அதை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். உடம்பெல்லாம் கடற்கரை மணல் வேறு. குளிக்கப் போகும் வழியில் உள்ளே பார்த்து, "டேய், கேரியர எறக்கிடு" என்று தம்பிக்குக் குரல் கொடுத்தேன்.

குளியலறையில் குழாய் கொட்டிக்கொண்டிருக்கும்போதே, "எறக்கியாச்சாடா?" என்றேன்.

"எறக்கியாச்சுக்கா!" என்றான். அதற்கு மேலும் ஏதோ சொன்னான். தண்ணீர்ச் சத்தத்தில் காதில் விழவில்லை. "கெளம்பறோம்" என்று மகள் கத்தியது மட்டும் கேட்டது. கார் கிளம்பியது, பின்னாலேயே ஸ்கூட்டர்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள், வேலைச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனேன். தொட்டியில் சாப்பாட்டு கேரியர் கிடந்தது. காலையில் கடற்கரைக்குப் புளிச்சோறும் உருளைக்கிழங்கும் கொண்டுபோன கேரியர். நாலு அடுக்கையும் தனித்தனியாகக் கழுவிக் கவிழ்த்திருந்தான். கழுவிப் போட்டதைத்தான் சொல்லியிருக்கிறான். பரவாயில்லையே, புள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டதே என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன்.

அடுத்த நொடி, அப்படியானால் கார் கேரியர்? வாசலுக்கு ஓடினேன். கேரியர் இல்லை. சுற்றுச்சுவர் ஓரம் இல்லை, பின்கட்டில் இல்லை, மாடியிலும் இல்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டேன். நாலு நட்டும் இருந்தன.

அய்யோ என்று ஒரு சத்தம் வந்தது. அது என் சத்தம்தான்.

நெடுஞ்சாலையில் கார் போகிறது. அதன் தலைமேல் இரும்புச் சட்டமும் தகரப் பெட்டியும் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. காற்று முன்னாலிருந்து அடித்தால் பின்னால் எகிறும். பின்னால் வருவது என் புருஷனும் என் பொண்ணும். அதுவும் ஷாட்டுக்காக ஒட்டிக்கொண்டு வருவார்கள்.

தம்பிக்குப் போன் போட்டேன். ரெண்டு மணி அடித்துக் கட் ஆனது. மறுபடி போட்டேன், மறுபடி கட். மகளுக்குப் போட்டேன். அவளும் கட் செய்தாள். வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறாள், நடுவில் போன் வந்தால் வீடியோ கெட்டுவிடும். அதோடு, அம்மா கண்டுபிடித்துவிட்டாள், திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று எல்லாருக்கும் நினைப்பு. என் வீட்டுக்காரருக்கு அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது அவர் போன் சீட்டுக்கு அடியில்தான் கிடக்கும். "பாப்பா, நிறுத்துங்கடி, நட்டு எங்கிட்ட இருக்குடி" என்று பேசிப் பதிவுசெய்து அனுப்பினேன். கேட்டதற்கான நீலக்குறி வரவே இல்லை.

தெருமுனையில் ஆட்டோ நின்றது. செருப்புகூடப் போடவில்லை. "சிதம்பரம் ரோட்டுல போ தம்பி. எவ்ளோ வேகம் முடியுமோ அவ்ளோ வேகம்" என்றேன்.

"யக்கா, யாருக்காச்சும் ஒடம்பு முடியலையா?"

"இன்னும் இல்ல. நீ போ."

அவர் ஆட்டோவை விரட்டினார். கெடிலம் பாலத்தைத் தாண்டி முதுநகர் வரும்போது என் போனில் டிங் என்றது. எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் மகள் ஒரு வீடியோ போட்டிருந்தாள். 'எங்க மாமா மாஸ்' என்று எழுதி, இதயம் இதயமாகப் போட்டிருந்தாள். கார் போகிறது. கேரியர் மேல் படுக்கைச் சுருட்டின் முனை காற்றில் அடித்துக்கொள்கிறது. கேரியர் நேராக இருந்தது. மூச்சு விட்டேன். குரூப்பில் 'நிறுத்துங்க நிறுத்துங்க' என்று அடித்தேன். அதற்குள் நாத்தனார் 'சூப்பர்' என்று போட்டுவிட்டார்.

சிப்காட் தாண்டும்போது ரெண்டாவது வீடியோ வந்தது. வெட்டவெளி, புழுதி பறக்கிற காற்று. எதிரே ஒரு லாரி காரைக் கடந்தது. அப்போது சட்டத்தின் முன்பக்கம் ரெண்டு விரல்கடை எழும்பி, மறுபடி உட்கார்ந்தது. படம் ஆடியதில் அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. மகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. "அப்பா, கிட்ட போப்பா. இன்னும் கிட்ட."

இந்தப் பாவிகள் யார் கூப்பிட்டால் போனை எடுப்பார்கள்? யார் பெயரைப் பார்த்தால் கட் செய்யக் கை வராது? கேட்கும்போதே விடை தெரிந்துவிட்டது. ஒரே ஒரு ஆள்தான்.

அவரிடம் எப்படிச் சொல்வது? ரோட்டில் ஓட்டக்கூடாது என்றவரிடம், ஓட்டுகிறார்கள், அதுவும் நட்டு இல்லாமல் ஓட்டுகிறார்கள் என்று எந்த வாயால் சொல்வது? தம்பி கல்யாணத்துக்கு அவர் வரமாட்டார், நாத்தனார் வீட்டு வாசலை நான் மிதிக்க முடியாது என்றெல்லாம் ஓடியது. 'கிட்ட போப்பா' என்ற குரல் மறுபடி காதில் கேட்டது. அவர் எண்ணை அமுக்கிவிட்டேன்.

"அண்ணே, நாந்தான் கடலூர்லேருந்து. தப்பு நடந்துபோச்சுண்ணே. கேரியரோட வண்டி ரோட்டுல வருது. நட்டு நாலும் எங்கிட்ட இருக்கு. நான் கார் கேரியர எறக்கச் சொன்னேன், அவன் சோத்து கேரியர எறக்கிட்டான். அவரும் பாப்பாவும் பின்னாலயே வர்றாங்கண்ணே. நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கிறாங்க."

திட்டு வரும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நாலும் கழட்டிட்டியா? நல்லா தெரியுமா?"

"கையில இருக்குண்ணே."

"வையி" என்று கட் செய்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீடியோ வரவில்லை. மகளுக்குப் போட்டேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. தம்பிக்குப் போட்டேன், போன் அணைந்திருக்கிறது என்று பதிவுக் குரல் சொன்னது. என் வீட்டுக்காரர் எண் அடித்துக்கொண்டே இருந்தது. கட் செய்யவும் இல்லை. அதுவரை கட் செய்தால் கோபம் வந்தது. இப்போது யாராவது ஒருத்தர் கட் செய்ய மாட்டார்களா என்று இருந்தது. ஆலப்பாக்கம் போனதுகூட எனக்குத் தெரியவில்லை. பாடலீஸ்வரா, என் குழந்தையைக் காப்பாத்து, நான் இனிமே யாரையும் திட்ட மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்.

புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரம் எங்கள் ஸ்கூட்டர் நின்றது. ஸ்டாண்ட் போட்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. மகளின் துப்பட்டா மட்டும் கைப்பிடியில் தொங்கியது. "நிறுத்து!" என்று அலறினேன். ஆட்டோக்காரர், "யக்கா, அங்க பாருங்க, கூட்டம்" என்று முன்னால் கை காட்டினார். தூரத்தில் ஒரு பேருந்து நின்றுகொண்டிருந்தது, ஜனங்கள் இறங்கி நின்றார்கள். அந்தத் தூரத்தை ஆட்டோவில் போனேனா ஓடினேனா என்று இப்போதும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனால் மகள் நின்றிருந்தாள். முழுசாக நின்றிருந்தாள். பக்கத்தில் என் வீட்டுக்காரர். நான் போன வேகத்தில் அவள் தோளில் பளீரென்று ஒரு அடி வைத்தேன். பிறகு கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சாமியிடம் சொன்னதெல்லாம் காற்றில் போய், அந்த ரோட்டில் வைத்து மூன்று பேரையும் வாயில் வந்தபடி திட்டினேன்.

அப்புறம்தான் காரைப் பார்த்தேன். சாலையை விட்டு மண்ணில் இறங்கி நின்றது. முன் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. இரும்புச் சட்டம் பானெட் மேல் விழுந்து, அதை உள்ளே அமுக்கிவிட்டு, காருக்கு முன்னால் தலைகுப்புறக் கிடந்தது. தகரப் பெட்டி முள்செடிக்குள் போயிருந்தது. தம்பி மண்ணில் உட்கார்ந்திருந்தான். நெற்றியில் சின்னக் கண்ணாடிக் கீறல்.

"நீ சோத்து கேரியரத்தான் சொன்னேன்னு நெனச்சேங்கா. இத வழியில முட்லூர்ல மாமாவோட கூட்டாளி கடையில எறக்கி வச்சிடலாம்னு இருந்தோம்" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்தான். "நான் ஆட்டிகூட பார்த்தேன், கெட்டியாத்தான் இருந்துச்சு. அப்ப அண்ணன்கிட்டேருந்து போன் வந்திச்சி. எடுத்து ஸ்பீக்கர்ல போட்டேன்."

அண்ணன் முதலில் என் மகளைத்தான் கூப்பிட்டிருக்கிறார். சிதம்பரத்து மாமா பெயரைப் பார்த்ததும் வீடியோவை விட்டுவிட்டு எடுத்திருக்கிறாள். "ஒங்கப்பன வண்டிய ஓரங்கட்டச் சொல்லு. நிறுத்தினப்புறம்தான் நான் வைப்பேன்" என்றாராம். ஸ்கூட்டர் நின்ற பிறகு தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார்.

"மேல இருக்கறதுக்கு நட்டு இல்லடா, பின்னால என்னா வருதுன்னாரு. ஒரு பஸ்ஸு கொஞ்ச தூரத்துல வருதுண்ணே, அதுக்கு முன்னால ரெண்டு பைக்குன்னேன். மண்ணுல எறக்கு, எறக்கிட்டு அழுத்தி பிரேக் அடின்னாரு. மெதுவா நிறுத்திப்பாக்கறேண்ணே, சட்டுனு அடிச்சா முன்னால வந்து விழும், கண்ணாடி போயிடும்னேன்." தம்பி மூக்கை உறிஞ்சினான். "போவட்டும்டா, மெதுவா நிறுத்தறதுக்குள்ள எகிறிடும், பின்னால விழக்கூடாது, அடிடான்னு கத்தினாருக்கா."

அடித்த பிரேக்கில் தம்பியின் போன் கீழே விழுந்து அணைந்துவிட்டதாம். மற்ற ரெண்டு பேரும் போனை வண்டியிலேயே போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார்கள்.

சிதம்பரம் பக்கமிருந்து வந்த பேருந்திலிருந்து அண்ணன் இறங்கினார். கூட்டம் தானாக வழிவிட்டது. நான் நாலு நட்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எதற்கு என்று தெரியாது, கையை மடக்கத் தோன்றவில்லை. அவர் காரைத் தாண்டி நேராக வந்தார். "பொண்ணு எங்க?" என்றார். மகள் என் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் தலையில் கையை வைத்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "என்னா மச்சான், சின்னப் புள்ளையா நீ?" என்றார். டிக்கியைத் திறந்து, காரைத் துடைக்கிற வேட்டித் துணியை எடுத்துத் தம்பி நெற்றியைத் துடைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பானெட் பக்கம் போனார். கொஞ்ச நேரம் நின்றார். எங்களுக்கு முதுகைத்தான் காட்டினார்.

கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்தார். எங்கள் வீட்டில் இப்போது யாரும் வெறும் கேரியர் என்று சொல்வதில்லை. சோத்து கேரியர், கார் கேரியர் என்று முழுசாகத்தான் சொல்கிறோம். நான் சொன்னால் தம்பி, "எதுக்கா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறான்.

ஆயுத பூஜைக்குச் சிதம்பரம் போயிருந்தோம். கார் புதுக் கண்ணாடியோடு வாசலில் நின்றது. பானெட்டில் குழி மட்டும் அப்படியே இருந்தது. பட்டறையில் தட்டி எடுக்க வேண்டாம் என்று அண்ணனே சொல்லிவிட்டதாக நாத்தனார் என் காதில் சொன்னார். நான் வழக்கம்போலக் காகிதம் கிழித்து, சந்தனக் கிண்ணத்தோடு நீட்டினேன். அண்ணன் கிண்ணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். என் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, விரலால் சந்தனத்தை எடுத்து அந்தக் குழியின் நடுவில், பெயிண்ட் மேலேயே, பெரிய பொட்டாக வைத்தார்.